பரணிலிருந்து இறக்கிய வீடியோ கேமை உடனே செருகாதீர்கள்

கோடை விடுமுறை வந்துவிட்டால் என் பழுதுபார்க்கும் கடைக்குப் பழைய வீடியோ கேம்களின் வரத்து கூடிவிடும். சின்ன வயதில் தான் ஆடியதைப் பிள்ளைக்குக் காட்ட அப்பாவுக்கு ஆசை வந்திருக்கும். பரணைக் குடைந்து எடுத்திருப்பார், கையில் அகப்பட்ட அடாப்டரைச் செருகியிருப்பார். "வயதாகிவிட்டது சார், அதனால்தான் போய்விட்டது" என்று தீர்ப்பையும் அவரே சொல்லிவிடுவார். நான் திறந்து பார்ப்பவற்றில் பெரும்பாலானவை வயதால் போனவை அல்ல. பரணில் பத்திரமாகத்தான் இருந்திருக்கின்றன. மின்சாரம் கொடுத்த முதல் நிமிடத்தில்தான் உயிரை விட்டிருக்கின்றன.

இதில் கொடுமையானது வெளிநாட்டிலிருந்து வந்த பெட்டிகளின் கதை. அமெரிக்காவிலிருந்து திரும்பிய சித்தப்பா கொடுத்தது, ஜப்பானில் வேலை பார்த்த நண்பர் விட்டுச் சென்றது என்று ஏதாவது ஒன்று இருக்கும். ஜப்பானில் வீட்டு மின்சாரம் 100 வோல்ட், அமெரிக்காவில் 120, நமக்கு 230. இது பலருக்கும் தெரிந்ததுதான். ஆனால் பழைய பிளேஸ்டேஷன், சேகா சாட்டர்ன், டிரீம்காஸ்ட், முதல் எக்ஸ்பாக்ஸ், தடித்த பிளேஸ்டேஷன் 2 ஆகியவற்றில் பவர் சப்ளை பெட்டிக்குள்ளேயே இருக்கிறது. வெளியே இருப்பது எட்டு போன்ற வடிவத்தில் இரண்டு ஓட்டைகள் கொண்ட சாதாரணச் செருகி மட்டுமே. நம் வீட்டு டேப் ரெக்கார்டரின் ஒயர் அதில் கச்சிதமாகப் பொருந்தும். பொருந்துகிறதே என்று போடுகிறார்கள். 'டப்' என்று ஒரு சத்தம், அதோடு முடிந்தது.

அந்தச் சத்தம் எங்கிருந்து வருகிறது என்று பலர் கேட்டிருக்கிறார்கள். வரும் ஏ.சி. மின்சாரத்தை பவர் சப்ளை முதலில் டி.சி.யாக மாற்றி ஒரு பெரிய கெபாசிட்டரில் தேக்குகிறது. 120 வோல்ட் அங்கே சுமார் 170 வோல்ட்டாக நிற்கும். அதனால் அந்த நாட்டுப் பெட்டிகளில் 200 வோல்ட் தாங்கும் கெபாசிட்டரைத்தான் போட்டிருப்பார்கள். நம்முடைய 230 அதே இடத்தில் ஏறக்குறைய 325 வோல்ட்டாகிவிடும். கெபாசிட்டரின் தலை பிளந்து, உள்ளிருக்கும் காகிதச் சுருள் பஞ்சாக வெளியே வந்து, பெட்டி முழுக்கக் கருகிய மீன் வாடை அடிக்கும். ஒரே ஆறுதல், பெரும்பாலும் பவர் சப்ளைப் பலகையோடு சேதம் நின்றுவிடும். 230 வோல்ட்டுக்கான அதே மாடல் பலகை கிடைத்தால் மாற்றிக் கொடுத்துவிடலாம். ஆகவே பெட்டியைத் திருப்பி, அடியில் ஒட்டியிருக்கும் தாளைப் படியுங்கள். 100 அல்லது 120 என்று மட்டும் அச்சிட்டிருந்தால் வோல்ட்டைக் குறைத்துத் தரும் ஸ்டெப் டவுன் டிரான்ஸ்ஃபார்மர் இல்லாமல் தொடாதீர்கள்.

அடாப்டரில் ஓடும் பெட்டிகளுக்கு வருவோம். இங்கே மூன்று விஷயங்கள் பொருந்த வேண்டும்: வோல்ட், ஆம்பியர், முனையின் துருவம் (நடுவில் பிளஸா, மைனஸா என்பது). துருவத்தை யாரும் பார்ப்பதில்லை. 1983-இல் ஜப்பானில் வந்த நிண்டெண்டோ ஃபேமிகாமுக்கு 10 வோல்ட் டி.சி., 850 மில்லிஆம்பியர், நடுவில் மைனஸ். அதன் அமெரிக்க வடிவமான என்.இ.எஸ்.ஸுக்குக் கொடுத்த அடாப்டரோ 9 வோல்ட் ஏ.சி.! பெட்டிக்குள்ளேயே டி.சி.யாக மாற்றிக்கொள்ளும் அமைப்பு அதில் உண்டு, ஃபேமிகாமில் கிடையாது. என்.இ.எஸ். அடாப்டரை ஃபேமிகாமில் போட்டால் என்ன ஆகும் என்பதை விளக்கத் தேவையில்லை. சேகா மெகா டிரைவின் முதல் மாடலுக்கு நடுவில் மைனஸ், இரண்டாம் மாடலுக்கு நடுவில் பிளஸ். ஒரே நிறுவனம், ஒரே ஆட்டங்கள்! யார் யோசித்த யோசனையோ!

நம் ஊரில் தொண்ணூறுகளில் பரவிய சீனத் தயாரிப்பு டிவி கேம்களில் பெரும்பாலானவை ஃபேமிகாமின் நகல்கள்தான். '9999999 இன் 1' என்று அட்டையில் அச்சடித்துவிட்டு உள்ளே ஏழெட்டு ஆட்டங்களையே திரும்பத் திரும்ப வைத்திருந்த கேசட்டுகள் நினைவிருக்கலாம். அந்த டிவி கேம்களில் பலவும் 9 வோல்ட், நடுவில் மைனஸ் வகை. இன்று கடையில் கிடைக்கும் அடாப்டர்கள் பெரும்பாலும் நடுவில் பிளஸ். தலைகீழாகக் கொடுத்தால் முதலில் கெபாசிட்டர் உப்பும், பிறகு வோல்ட்டைக் குறைத்துத் தரும் ரெகுலேட்டர் போகும். நேரம் சரியில்லை என்றால் கறுப்புப் பிசின் பொட்டுக்கு அடியில் இருக்கும் சிப்பும் சேர்ந்து போகும். அந்தப் பொட்டு போனால் நானும் கையை விரிக்க வேண்டியதுதான்.

மல்டிமீட்டர் இருந்தால் சோதிப்பது சுலபம். டி.சி. 20 வோல்ட் அளவில் வைத்து, சிவப்பு முனையை அடாப்டர் பின்னின் துளைக்குள்ளும் கறுப்பு முனையை வெளி உலோகத்திலும் வையுங்கள். எண்ணுக்கு முன்னால் கழித்தல் குறி வந்தால் நடுவில் மைனஸ். எண்ணையும் கவனியுங்கள். எடை கூடிய பழைய டிரான்ஸ்ஃபார்மர் அடாப்டர் என்றால் 9 என்று எழுதியிருந்தாலும் சுமை இல்லாதபோது 13, 14 கூடக் காட்டும். அது கோளாறு அல்ல, அந்த வகையின் இயல்பு. சுமை ஏறினால் இறங்கிவிடும்.

"12 வோல்ட் கொடுத்தேன், ஓடுகிறதே" என்று வாதாடுபவர்களும் உண்டு. ஓடும்தான். உள்ளே 7805 என்ற மூன்று கால் ரெகுலேட்டர், வருவதை 5 வோல்ட்டாகக் குறைத்து, மீதியை வெப்பமாக்கி வெளியே தள்ளுகிறது. பெட்டி அரை ஆம்பியர் இழுப்பதாக வைத்துக்கொண்டால், 9 வோல்ட்டில் அது 2 வாட் சூட்டைத் தாங்க வேண்டும். 12 வோல்ட்டில் 3.5 வாட். மலிவான டிவி கேம்களில் அதற்குக் கொடுத்திருக்கும் அலுமினியத் தகடு பிஸ்கட் பாக்கெட் தாளைவிடக் கொஞ்சம்தான் தடிமன். அரை மணி நேரத்தில் படம் ஆட ஆரம்பிக்கும், பிறகு நின்றுவிடும். மெலிந்த பிளேஸ்டேஷன் 2 இதற்கு நேர் எதிர். முதலில் வந்த மெலிந்த மாடலின் அடாப்டர் 8.5 வோல்ட்டில் 5.65 ஆம்பியர் தரக்கூடியது. அதற்கு 1 ஆம்பியர் மோடம் அடாப்டரை மாட்டிவிட்டு, டிஸ்க் சுற்றத் தொடங்கியதும் அணைந்துவிடுகிறது என்று கொண்டுவருகிறார்கள்.

சரி, மின்சாரம் சரியாகிவிட்டது. டிவியில் மாட்டினால் படம் கறுப்பு வெள்ளையாக வருகிறதா? பெட்டி கெட்டுவிட்டது என்று முடிவு கட்டாதீர்கள். ஜப்பான், அமெரிக்கப் பெட்டிகள் என்.டி.எஸ்.சி. முறையில் படம் அனுப்புகின்றன. நம் பழைய டிவிகள் 'பால்' (PAL) என்ற வேறு முறைக்கு உரியவை. டிவியின் மெனுவில் கலர் சிஸ்டத்தை 'ஆட்டோ' என்று மாற்றினால் பல சமயம் வண்ணம் வந்துவிடும்.

பழைய ஆட்டங்கள் பிக்சர் டியூப் டிவியை மனத்தில் வைத்து உருவாக்கப்பட்டவை. அவை அனுப்பும் படத்தில் 240 கோடுகள்தான். எல்.இ.டி. டிவிகளில் பல, இதைப் பழைய தொலைக்காட்சி ஒளிபரப்பு என்று தவறாக நினைத்து இரண்டிரண்டு படங்களாகக் கலக்கின்றன. ஆட்டத்தில் வரும் பாத்திரத்தின் நிழலை ஒரு படத்தில் காட்டி மறு படத்தில் மறைத்து, கண்ணுக்கு மங்கலாகத் தெரியவைப்பது அக்காலத்து உத்தி. புது டிவியில் அந்த நிழல் முழுதாகக் காணாமல் போகும், அல்லது சீப்புப் பல்லாகக் கிழியும். கூடவே, பொத்தானை அழுத்துவதற்கும் திரையில் குதிப்பதற்கும் இடையே ஒரு தாமதம் வேறு. 'கேம் மோடு' இருந்தால் போட்டுக்கொள்ளுங்கள், ஓரளவு குறையும். பழைய படத்தைப் புது டிவிக்கு ஏற்ப மாற்றித் தருவதாகச் சில நூறு ரூபாய்க்கு விற்கும் கன்வெர்ட்டர்களால் படம் இழுபட்டு அகலமாவதுதான் மிச்சம். செலவு செய்ய மனமிருந்தால் ரெட்ரோடிங்க், ஓ.எஸ்.எஸ்.சி. போன்றவை இதற்கென்றே உருவானவை. என்னைக் கேட்டால், ஓடும் நிலையில் உள்ள பிக்சர் டியூப் டிவி வீட்டில் இருந்தால் பழைய பொருட்காரரிடம் போட்டுவிடாதீர்கள் என்பேன்.

வாத்து சுடும் ஆட்டத்தின் துப்பாக்கி எல்.இ.டி. டிவியில் வேலை செய்யாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். விசையை இழுத்ததும் திரை ஒரு கணம் கறுத்து, வாத்து இருக்கும் இடத்தில் வெள்ளைக் கட்டம் தோன்றும். துப்பாக்கியின் குழலில் உள்ள ஒளி உணரி அதைப் பார்த்தால் வாத்து விழும். எல்.இ.டி. டிவியில் அந்த வெள்ளைக் கட்டம் தாமதமாக வருவதால், எவ்வளவு நெருக்கமாக வைத்துச் சுட்டாலும் குறி தப்பிவிடும். துப்பாக்கியைக் கழற்றுவது வீண் வேலை.

ஆனால் பிக்சர் டியூப் டிவியின் பின் மூடியைத் தயவுசெய்து நீங்களாகத் திறக்காதீர்கள். வண்ண டிவியின் டியூப்பில் குழிந்த ரப்பர் மூடிக்கு அடியில் 20 ஆயிரம் வோல்ட்டுக்கு மேல் நிற்கும். பிளக்கைப் பிடுங்கி வைத்த பிறகும் கண்ணாடியே கெபாசிட்டராகி மின்சாரத்தைத் தேக்கி வைத்திருக்கும். காணொளி பார்த்து ஸ்குரூடிரைவரைச் செருகும் வேலை இது அல்ல. தொழில் தெரிந்தவர்களிடம் விட்டுவிடுங்கள்.

ஜாய்ஸ்டிக் கோளாறுகளில் பாதி வீட்டிலேயே தீரக்கூடியவை. பட்டனுக்கு அடியில் இருக்கும் ரப்பரின் கறுப்புப் பொட்டும், அது தொடும் பலகையும் வியர்வையாலும் தூசியாலும் மூடியிருக்கும். ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலைப் பஞ்சில் தொட்டு மென்மையாகத் துடைத்தால் போதும். பொட்டை அழுத்தித் தேய்த்தால் கார்பன் பூச்சே கழன்று வந்துவிடும். பிளேஸ்டேஷன் 2 ஜாய்ஸ்டிக்கில் பட்டன் தானாக அழுந்துகிறது என்றால், உள்ளே பிளாஸ்டிக் தாள் ஒன்றை அழுத்திப் பிடிக்கும் சிறு பஞ்சுத் துண்டு தேய்ந்திருக்கும். அதற்கு அடியில் இன்சுலேஷன் டேப்பை இரண்டு மடிப்பாக ஒட்டினால் பிடிப்பு திரும்பும். பெட்டி ஓடும்போது ஜாய்ஸ்டிக்கைப் பிடுங்கிச் செருகும் பழக்கத்தையும் விடுங்கள். ஒயர் ஷார்ட் ஆன ஜாய்ஸ்டிக்காக இருந்தால் பலகையில் உள்ள பொடி ஃபியூஸ் போய்விடும், பிறகு எந்த ஜாய்ஸ்டிக்கும் ஓடாது.

கேசட்டை வாயால் ஊதுவது நம் தலைமுறையின் சடங்கு. ஊதும் காற்றோடு எச்சில் ஈரம் போகிறது. செம்பு பச்சை பூக்கிறது. ஊதியதும் ஓடியது என்றால், வெளியே எடுத்து மறுபடி செருகியதில் பின்கள் சரியாக உட்கார்ந்ததுதான் காரணம். அதே ஆல்கஹால் இதற்கும் ஆகும். பெட்ரோல், உப்புத்தாள் இரண்டும் வேண்டாம்.

டிஸ்க் படிக்காத பிளேஸ்டேஷன் 2-க்கு "லென்ஸ் பவரை ஏற்றித் தருகிறேன்" என்று சொல்பவர்களிடம் கொடுக்காதீர்கள். லென்ஸ் பகுதியில் உள்ள சின்னத் திருகைத் திருப்பினால் லேசர் அதிக மின்சாரம் இழுக்கும், சில வாரங்கள் பிரமாதமாகப் படிக்கும், அப்புறம் நிரந்தரமாக அணைந்துவிடும். முதலில் லென்ஸைத் துடைக்க வேண்டும். அது நகரும் தண்டில் காய்ந்த பழைய கிரீஸை எடுத்துவிட்டுப் புதிதாகத் தடவ வேண்டும். பல பெட்டிகள் இதிலேயே பிழைத்துக்கொள்கின்றன.

செருகாமலேயே கெடும் பெட்டி ஒன்று உண்டு: 2001-இல் வந்த முதல் எக்ஸ்பாக்ஸ். கடிகாரத்தை ஓட்ட வைத்திருக்கும் கெபாசிட்டர் ஒன்று, பெட்டி சும்மா கிடந்தாலும் கசிந்து, பக்கத்துச் செம்புத் தடங்களை அரித்துவிடுகிறது. பரணில் அது இருந்தால் ஓட்டும் எண்ணம் இல்லாவிட்டாலும் திறந்து அதை எடுத்துவிட்டு, கசிந்த இடத்தைச் சுத்தம் செய்து வைக்கச் சொல்லுங்கள். கடைசியாக வந்த 1.6 பதிப்பில் மட்டும் நல்ல கெபாசிட்டர் போட்டிருந்தார்கள், அதைத் தொட வேண்டாம். எடுத்த பிறகு ஒயரைப் பிடுங்கும்போதெல்லாம் தேதியும் நேரமும் மறந்துபோகும். ஆட்டத்துக்கு அதனால் ஒன்றும் குறையாது.