பயந்து சீறும் நாய்க்குப் பொருத்தம் பார்ப்பது

காப்பகத்துக்கு நாய் பார்க்க வருகிறவர்கள் ஒவ்வொரு கூண்டின் முன்னும் நின்று நின்று போவார்கள். ஒரு கூண்டின் முன் மட்டும் நடை வேகமாகும். உள்ளே இருப்பது கம்பிமேல் பாய்ந்து தொண்டை கிழியக் குரைக்கும். இல்லாவிட்டால் பின்சுவரோடு ஒட்டிக்கொண்டு முகத்தைத் திருப்பிக்கொள்ளும். பார்க்க எதிரெதிராகத் தெரிந்தாலும் இரண்டுக்கும் அடியில் பெரும்பாலும் இருப்பது பயம்தான். மாதக்கணக்கில் கூண்டிலேயே தங்கிப்போவதும் இவைதான். அதனால் யாராவது ஒருவர் இரக்கப்பட்டு, "இதை நான் எடுத்துக்கொள்கிறேன்" என்றவுடன் எல்லோருக்கும் மனம் நெகிழ்ந்துவிடுகிறது. கேட்க வேண்டிய கேள்விகள் தொண்டையிலேயே நின்றுவிடுகின்றன. சில வாரங்களில் நாய் திரும்பி வருகிறது, சில சமயம் ஒரு கடியையும் கணக்கில் ஏற்றிக்கொண்டு.

நல்ல மனசு எந்த நாய்க்கும் வேண்டியதுதான். இந்த நாய்க்கு அதற்கு மேலும் ஒன்று வேண்டும்: எதைக் கண்டு அது மிரளுகிறதோ, அது அன்றாடம் அதிகம் நடக்காத வீடு. ஆகவே முதலில் எதைக் கண்டு மிரளுகிறது என்று தெரிய வேண்டும். "பயந்த நாய்" என்று அட்டையில் எழுதி மாட்டினால் எதுவுமே தெரியாது.

கூண்டுக்குள் தெரிவதை வைத்து முடிவு கட்டக் கூடாது. நாய்க் காப்பகங்களில் குரைப்புச் சத்தம் 100 டெசிபலைத் தாண்டுவது சாதாரணம். ஒதுங்க இடமில்லை, நடுவில் கம்பி, நாள் முழுக்க அந்நிய முகங்கள். அங்கே சீறுகிற நாய் வெளியே திறந்தவெளியில் அமைதியாக நடக்கலாம். இதற்கு நேர்மாறானதுதான் அதிகம் ஏமாற்றும். அசையாமல் கிடக்கும், எங்கே தொட்டாலும் விட்டுக்கொடுக்கும் நாயை "சாது" என்று எழுதிவிடுகிறார்கள். பயத்தில் உறைந்துபோன நாயும் அப்படித்தான் இருக்கும். உறைவு விலகும்போதுதான் அதன் கருத்து என்னவென்று தெரியும், அதற்குள் அது வேறொருவர் வீட்டு சோபாவில் இருக்கும். முடிந்தால் 2 முதல் 4 வாரம் ஒரு தற்காலிக வளர்ப்பு வீட்டில் வைத்துப் பாருங்கள். கூண்டு முன் நடத்தும் எந்தச் சோதனையையும்விட அது அதிகம் சொல்லும்.

குறிப்பேட்டில் ஒவ்வொரு சம்பவத்துக்கும் நான்கு விஷயங்கள் போதும்: என்ன வந்தது, எவ்வளவு தூரத்தில், நாய் என்ன செய்தது, தேற எவ்வளவு நேரம் ஆனது. "ஆண்களைப் பிடிக்காது" என்ற குறிப்பால் பயனில்லை. "தொப்பி போட்ட ஆள், 8 மீட்டரில் காதைப் பின்னால் மடக்கியது, 5 மீட்டரில் பாய்ந்தது, 4 நிமிடம் கழித்துத் தின்பண்டம் வாங்கியது" என்று இருந்தால் அதை வைத்து வீடு தேடலாம். இந்த நான்கில் பலரும் எழுதாமல் விடுவது கடைசியை. அரை நிமிடத்தில் தேறும் நாயும் அரை மணி நேரம் மூச்சிரைக்கும் நாயும் ஒரே மாதிரிதான் குரைத்திருக்கும். ஆனால் இரண்டுக்கும் ஒரே வீடு ஒத்துவராது.

குரைப்புக்கு முன்னால் வருவதையும் எழுதுங்கள். மூக்கை நக்குவது, தூக்கம் இல்லாமலே கொட்டாவி விடுவது, முகத்தைத் திருப்பிக்கொண்டே கண்ணின் வெள்ளை தெரிய ஓரமாகப் பார்ப்பது, ஒரு முன்காலைத் தூக்குவது, திறந்திருந்த வாயைச் சட்டென்று மூடிச் சிலையாக நிற்பது. கடைசியில் சொன்னதுதான் எல்லாவற்றையும்விட ஆபத்து. அதற்கும் கடிக்கும் இடையே ஒரு நொடிகூட இல்லாமல் போகலாம். உறுமலை அதட்டி அடக்கியவர்கள் யாராவது இருந்தால் அதையும் குறித்துவையுங்கள். உறுமினால் அடி என்று கற்ற நாய் பயத்தை விடுவதில்லை, உறுமலைத்தான் விடுகிறது. பிறகு அது முன்னறிவிப்பு இல்லாமல் கடிக்கும்.

குணத்தைப் பற்றிப் பேசுமுன் உடம்பைப் பார்த்தாக வேண்டும். காதுச் சீழ், உடைந்த பல், இடுப்பு மூட்டுத் தேய்மானம், முதுகு வலி ஆகிய எல்லாமே "தொட்டால் சீறுகிறது" என்ற தோற்றத்தில் வரும். தொடவே விடாத நாய்க்கு மருத்துவர் மயக்க மருந்து கொடுத்துப் பரிசோதிப்பார். அந்த ஒரு மயக்கத்திலேயே பல், காது, எக்ஸ்ரே மூன்றையும் முடித்துவிடலாம். பதற்றத்துக்கு ஃப்ளூவாக்ஸெட்டின் போன்ற மாத்திரை எழுதப்பட்டால் பலன் தெரிய 4 முதல் 6 வாரம், சில நாய்களுக்கு 8 வாரம்கூட ஆகும். வீடு மாறும் வாரத்தில் அதைத் தொடங்குவதும் தவறு, "வீடு கிடைத்துவிட்டதே" என்று நிறுத்துவது அதைவிடத் தவறு. தத்து எடுப்பவரிடம் மாத்திரை, அளவு, அடுத்த மருத்துவர் சந்திப்பின் தேதி மூன்றையும் எழுதிக் கொடுங்கள்.

கடித்த வரலாறு இருந்தால் மழுப்ப வேண்டாம். "ஒரு தடவை கடித்தது" என்பதும் போதாது. கால்நடை மருத்துவர் இயன் டன்பர் வகுத்த கடி அளவுகோலில் 6 நிலைகள் உண்டு. முதல் நிலையில் பல் தோலில் படுவதே இல்லை. இரண்டாவதில் பல் படும், துளை விழாது. மூன்றாவதில் ஒரே கடியில் 1 முதல் 4 துளைகள், ஆழம் கோரைப்பல்லின் பாதி நீளத்தைத் தாண்டாது. நான்காவதில் குறைந்தது ஒரு துளையாவது அதைத் தாண்டிவிடும்; நாய் பிடித்து அழுத்தியிருக்கிறது அல்லது உதறியிருக்கிறது என்று பொருள். முதல் இரண்டு நிலை நாய்களுக்குப் பொருத்தமான வீடு கிடைக்கும். மூன்றாவதில் வீட்டாருக்கு ஒழுக்கமான கவனிப்பு வேண்டும், வாய்ப்பூட்டுப் பழக்கமும் வேண்டும். நான்காவதும் அதற்கு மேலும் இருந்தால் சாதாரண வீட்டுக்கு அனுப்புவது சூதாட்டம். எந்த வீடும் பொருந்தாத நாயும் உண்டு என்பதைக் காப்பகங்கள் சொல்லத் தயங்குகின்றன. அந்த முடிவைத் தனி ஆள் எடுக்கக் கூடாது. மருத்துவரும் நடத்தை வல்லுநரும் சேர்ந்து உட்கார்ந்து எடுக்க வேண்டியது அது.

வாய்ப்பூட்டு என்றாலே தண்டனை என்று நினைக்கிறார்கள். கூடை வடிவத்தில், வாயைத் திறந்து மூச்சிரைக்கவும் தண்ணீர் குடிக்கவும் இடம் உள்ளதைத்தான் வாங்க வேண்டும்; வாயைச் சுற்றி இறுக்கும் துணி வகை நடைக்கு ஆகாது. உள்ளே தின்பண்டம் வைத்து நாய் தானாக மூக்கை நுழைக்கும்வரை வாரைப் பூட்டாதீர்கள். காப்பகத்திலேயே சில வாரம் எடுத்துப் பழக்கி அனுப்பினால் புது வீட்டில் முதல் மருத்துவர் சந்திப்பே போர்க்களமாகாது.

இனி வீட்டுப் பக்கம். "நாய் வளர்த்த அனுபவம் உண்டா?" என்ற கேள்விக்கு எல்லோரும் உண்டு என்பார்கள். அதற்குப் பதிலாக, "நேற்று காலை முதல் இரவுவரை உங்கள் வாசலை எத்தனை பேர் தாண்டினார்கள்?" என்று கேளுங்கள். பேரப்பிள்ளைகள் விடுமுறைக்கு வருவார்களா, மாடியில் டியூஷன் நடக்கிறதா, காலிங் பெல் அடித்தால் நாய் எந்த அறையில் இருக்கும், அந்தக் கதவை மூடுவது யார் என்பதையெல்லாம் அவர்களே விவரிக்கட்டும். அடுத்த 2 ஆண்டில் குழந்தை, வீடு மாற்றம், வேலை மாற்றம் ஏதாவது உண்டா என்பதும் கேட்க வேண்டிய கேள்விதான், கொஞ்சம் அந்தரங்கம் என்றாலும்.

வாசலிலிருந்து நாய் சிறுநீர் கழிக்கும் இடம்வரை உள்ள பாதையை நீங்களே ஒரு முறை நடந்து பாருங்கள். வீட்டில் பார்க்க வேண்டியதில் இதுதான் முதன்மை. 5 மீட்டருக்குள் அந்நியர் வந்தால் பாயும் நாய்க்கு, ஒன்றரை மீட்டர் அகலத் தாழ்வாரமும் லிஃப்ட்டும் உள்ள அடுக்குமாடி என்றால் கணக்கு எளிது: நாளைக்கு 4 முறை வெளியே போனால், போகவும் வரவும் 8 முறை அந்த நாய் தோற்க வாய்ப்பு. காலைப் பதற்றம் இறங்குமுன் மதியம் வந்துவிடும். தனித்தனியாகத் தாங்கியிருக்கக்கூடிய மூன்று சம்பவங்கள் ஒரே நாளில் அடுக்கி வந்தால் மாலையில் குடை விரிக்கும் சத்தமே போதும், கடித்துவிடும். எளிமையான வீடாக இருந்தாலும் தனி வாசலும், 6 அடி வேலியும், கேட்டுக்கும் வீட்டுக் கதவுக்கும் நடுவே இன்னொரு கதவும் இருந்தால் அது இந்த நாய்க்கு மாளிகை. வேலியின் உயரத்தைப் பார்ப்பவர்கள் அடியில் உள்ள இடைவெளியைப் பார்ப்பதில்லை, அதையும் பாருங்கள்.

வீட்டில் ஏற்கெனவே நாய் இருப்பது வரமா இடைஞ்சலா என்பது உங்கள் குறிப்பேட்டைப் பொறுத்தது. மனிதர்களுக்கு மட்டும் பயப்படும் நாய்க்கு, மனிதர்களை விரும்பும் நிதானமான மூத்த நாய் ஒன்று துணை இருந்தால் அதைப் பார்த்தே பாதி கற்றுக்கொள்ளும். மற்ற நாய்களைக் கண்டு பாய்வதற்கோ பெரும்பாலும் தனிக்காட்டு ராஜாவாக இருக்கும் வீடுதான் நல்லது. சிறு குழந்தைகள் உள்ள வீட்டைத் தவிர்த்துவிடுங்கள். குழந்தையின் அசைவை முன்கூட்டிச் சொல்ல முடியாது, அதன் முகம் நாயின் வாய் உயரத்தில் இருக்கிறது.

"எந்த நாயும் என்னிடம் ஒட்டிக்கொள்ளும்" என்பவரிடம் எச்சரிக்கையாக இருங்கள். ஒட்டாத நாயைக் கண்டால் அவருக்கு மானப் பிரச்சினையாகிவிடும், விடாமல் கையை நீட்டுவார். "கண்டிப்பு காட்டினால் சரியாகும்" என்று சொல்லி இறுக்கும் சங்கிலியையோ ஷாக் பட்டையையோ நம்புகிறவர் வேண்டவே வேண்டாம். அந்நியரைக் காணும்போதெல்லாம் கழுத்தில் வலி வந்தால், அந்நியர் என்றாலே வலி என்று நாய் முடிவு செய்கிறது. "அது பக்கத்தில் வராவிட்டால் என்ன செய்வீர்கள்?" என்ற கேள்விக்கு, "வராவிட்டால் இருக்கட்டும், நான் பாட்டுக்கு என் வேலையைப் பார்ப்பேன்" என்று பதில் வந்தால், அந்த விண்ணப்பத்தை மேலே எடுத்து வையுங்கள்.

சந்திப்பு ஒன்று போதாது. குறைந்தது மூன்று, வெவ்வேறு நாட்களில், திறந்தவெளியில் ஆரம்பித்து. வருபவர் பக்கவாட்டில் நிற்கட்டும், கண்ணுக்குள் பார்க்க வேண்டாம். கையால் தின்பண்டம் ஊட்டச் சொல்வது நல்லெண்ணத்தில் நடக்கும் பெரிய தவறு. பசி நாயை அதன் தைரியத்துக்கு மீறி இழுத்து வந்துவிடும். தின்பண்டம் தீர்ந்ததும் தலை நிமிர்ந்து பார்க்கிறது, பயங்கரமான ஆள் அரை அடியில்! அப்போதுதான் கடி. பட்டாணி அளவுத் துண்டுகளை நாயின் முதுகுக்குப் பின்னால் விழும்படி எறியச் சொல்லுங்கள். பின்வாங்கினால் பரிசு, திரும்பி நெருங்குவது நாயின் விருப்பம். வீட்டு நாயோடு அறிமுகம் என்றால் இரண்டையும் முகத்துக்கு முகம் நிறுத்தாமல், 10 மீட்டர் இடைவெளியில் ஒரே திசையில் இணையாக நடத்தி மெல்ல நெருக்குங்கள்.

நாய் போகும் நாளில் இரண்டு பிடிமானம் கட்டாயம்: கழுத்திலிருந்து நழுவாத வகைப் பட்டை ஒன்று, விலா எலும்புக்குப் பின்னாலும் ஒரு வார் உள்ள ஹார்னஸ் (மார்பைச் சுற்றிக் கட்டும் பட்டை) ஒன்று, இரண்டுக்கும் தனித்தனிக் கயிறு. பயந்த நாய் பின்னால் இழுத்துத்தான் நழுவும். சாதாரண ஹார்னஸ் அப்போது தலை வழியாகக் கழன்றுவிடும். தோலுக்கடியில் உள்ள மைக்ரோசிப்பின் அடையாள எண்ணுக்கு உரிய பதிவேட்டில் புதியவரின் தொலைபேசி எண்ணைக் கிளம்பும் முன்பே பதிந்துவிடுங்கள். தப்பினால் துரத்தாதீர்கள், பத்துப் பேர் சேர்ந்து பெயர் சொல்லிக் கூப்பிடாதீர்கள். கடைசியாகக் கண்ட இடத்தில் உணவு வைத்து, அமைதியாகக் காத்திருந்து, தேவைப்பட்டால் கூண்டுப்பொறி வைப்பதுதான் வழி.

முதல் நாட்களுக்கு ஒரே அறை, கதவு திறந்தே இருக்கும் ஒரு கூண்டு, விருந்தாளி இல்லை, குளியல் இல்லை. ஒரு நாள் முழுக்கச் சிறுநீர் கழிக்காமல் அடக்குவதும், இரவில் மட்டும் சாப்பிடுவதும் நடக்கும். தத்து எடுப்பவரிடம் முன்கூட்டியே அழுத்தமாகச் சொல்ல வேண்டியது மூன்றாவது வாரத்தைப் பற்றி. அதுவரை பூனைபோல் இருந்த நாய் அப்போதுதான் ஜன்னலில் குரைக்க ஆரம்பிக்கும், கட்டிலைக் காவல் காக்கும். "கெட்டுப்போய்விட்டது" என்று தொலைபேசி வருவதும் அந்த வாரத்தில்தான். உறைவு விலகி உண்மையான நாய் வெளியே வரும் நேரம் அது. உங்கள் குறிப்பேட்டில் இருந்தவையே அங்கே தலைகாட்டினால் வேலை திட்டப்படி போகிறது, புதிதாக ஒன்று தென்பட்டால் உடனே போய்ப் பாருங்கள்.

நீங்களாகவே கூப்பிட்டு விசாரியுங்கள்: 1ஆம், 3ஆம், 7ஆம் நாள், பிறகு 3 மாதம்வரை வாரம் ஒரு முறை. "எப்படி இருக்கிறது?" என்றால் "நல்லா இருக்கு" என்றுதான் பதில் வரும். நேற்று எங்கே தூங்கியது, யாரைப் பார்த்துக் குரைத்தது, எத்தனை முறை வெளியே போனது என்று கேளுங்கள். எந்தக் காரணத்துக்காகவும், எந்தத் தேதியிலும் நாயைத் திரும்பக் கொண்டுவரலாம், யாரும் முகம் சுளிக்க மாட்டார்கள் என்று ஒப்பந்தத்தில் எழுதி, வாயாலும் சொல்லுங்கள். வெட்கத்துக்குப் பயந்தே பலர் ஒரு கடி நிகழும்வரை காத்திருக்கிறார்கள். நாய் திரும்பி வந்தால் அன்றே அந்த வீட்டாருடன் ஒரு மணி நேரம் உட்கார்ந்து, எந்த நேரத்தில், எந்தக் கதவருகே, எவ்வளவு தூரத்தில் என்று கேட்டுக் குறிப்பேட்டில் சேர்த்துக்கொண்டு, அடுத்த விண்ணப்பத்தை எடுங்கள்.