சிறுநீரகக் கல் வந்தவர்கள் சிறுநீரை அளந்து பார்க்க வேண்டும்

"ஒரு நாளைக்கு எத்தனை லிட்டர் தண்ணீர் குடிக்கணும் டாக்டர்?" சிறுநீரகக் கல் வந்தவர்கள் முதலில் கேட்பது இதைத்தான். எல்லோருக்கும் பொருந்தும் ஒரே எண் கிடையாது. குளிர்சாதன அறையில் உட்கார்ந்து வேலை செய்பவர் 3 லிட்டர் குடித்தால் பெரும்பகுதி சிறுநீராக வந்துவிடும். வெயிலில் உழைப்பவருக்கு அதே 3 லிட்டரில் பாதிக்கு மேல் வியர்வையாகவே போய்விடலாம். அதனால் நாங்கள் சிறுநீருக்குத்தான் அளவு சொல்கிறோம்: 24 மணி நேரத்தில் குறைந்தது 2.5 லிட்டர் போக வேண்டும். அமெரிக்கச் சிறுநீரியல் சங்கத்தின் 2014 வழிகாட்டுதலும் இதே அளவைத்தான் சொல்கிறது.

சிறுநீரகங்கள் தினமும் ஏறக்குறைய 180 லிட்டர் நீரை வடிகட்டுகின்றன. அதில் ஒன்றரை லிட்டர் போக மீதியெல்லாம் ரத்தத்துக்கே திரும்பிவிடுகிறது. நாம் குறைவாகக் குடித்தால் அந்த ஒன்றரை லிட்டரும் சுருங்கும். ஆனால் வெளியேற வேண்டிய கால்சியம், ஆக்ஸலேட் (கீரை போன்ற உணவுகளில் உள்ள ஒரு பொருள்), யூரிக் அமிலம் குறைவதில்லை. கொஞ்ச நீரில் அவ்வளவும் கரைய முடியாமல் படிகமாகப் பிரிகின்றன. கற்களில் பெரும்பாலானவை கால்சியம் ஆக்ஸலேட் கற்களே.

அளப்பது எளிது. காலையில் எழுந்ததும் போகும் முதல் சிறுநீரை விட்டுவிட்டு நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். அதன் பிறகு ஒவ்வொரு முறையும் அளவுக்கோடு போட்ட பிளாஸ்டிக் குவளையில் பிடித்து, எத்தனை மில்லி என்று எழுதுங்கள். மறுநாள் அதே நேரத்தில் போகும் முதல் சிறுநீரையும் சேர்த்துக் கூட்டுங்கள். இரண்டு நாள் காலைச் சிறுநீரையும் சேர்த்துவிடுவது, மலம் கழிக்கும்போது போவதை விட்டுவிடுவது, இந்த இரண்டில்தான் கணக்கு தவறும். ஒரு வேலை நாள், ஒரு விடுமுறை நாள் என இருமுறை அளந்தாலே போதும். பலருக்கு வேலை நாளில்தான் அளவு பாதியாகக் குறைந்திருக்கும்.

1.5 லிட்டர்தான் வந்தது என்றால், இப்போது குடிப்பதோடு இன்னும் 1 லிட்டர், அதாவது 250 மில்லி டம்ளரில் 4, கூட்டுங்கள். அதை ஒரே மூச்சில் குடித்துப் பயனில்லை. அடுத்த ஓரிரு மணி நேரத்துக்கு நிறமற்ற சிறுநீர் நிறையப் போகும், பிறகு பழையபடி அடர்த்தியாகிவிடும். பகல் முழுவதும் பிரித்துக் குடியுங்கள். மிக நீண்ட இடைவெளி இரவுதான். படுக்கும் முன் ஒரு டம்ளரும், நடுவில் சிறுநீர் கழிக்க எழுந்தால் இன்னும் அரை டம்ளரும் குடிப்பது நல்லது.

தினமும் அளக்க வேண்டியதில்லை, மற்ற நாட்களில் நிறத்தைப் பாருங்கள். வெளிர் மஞ்சளாக இருந்தால் சரி. காலைச் சிறுநீர் எப்போதும் அடர்த்தியாகவே இருக்கும், அதை வைத்து முடிவு செய்யாதீர்கள். பி வைட்டமின் மாத்திரை சாப்பிட்டாலும் நிறம் பளிச்சென்று மஞ்சளாகும்.

தண்ணீரோடு உப்பையும் கவனியுங்கள். உப்பு கூடினால் சிறுநீரில் கால்சியமும் கூடும். ஆனால் கால்சியத்துக்குப் பயந்து பாலையும் தயிரையும் நிறுத்துவது தவறு! உணவில் உள்ள கால்சியம் குடலிலேயே ஆக்ஸலேட்டைப் பிடித்து மலத்தோடு அனுப்பிவிடுகிறது. அதை நிறுத்தினால் ஆக்ஸலேட் அதிகமாக உறிஞ்சப்பட்டு சிறுநீருக்கு வந்து சேரும்.

இதய செயலிழப்பு உள்ளவர்கள், டயாலிசிஸ் செய்பவர்கள், ரத்தத்தில் சோடியம் குறைவாக உள்ளவர்கள் இந்த 2.5 லிட்டர் கணக்கைப் பின்பற்றக் கூடாது. அவர்களுக்கான அளவை அவர்களுடைய மருத்துவர்தான் சொல்ல வேண்டும்.

இன்னொன்று, இதெல்லாம் கல் மறுபடி வராமல் தடுக்கத்தான். விலாவுக்குக் கீழே வலி துடிக்கும் நேரத்தில் லிட்டர் கணக்கில் குடித்தால் கல் தள்ளிக்கொண்டு வந்துவிடும் என்று நம்பாதீர்கள். சிறுநீரகத்திலிருந்து சிறுநீர் இறங்கும் குழாயைக் கல் அடைத்திருக்கும்போது அழுத்தம் கூடி வலிதான் அதிகமாகும். வலியோடு குளிர்காய்ச்சல் இருந்தாலோ, சிறுநீரே போகாமல் நின்றுவிட்டாலோ உடனே மருத்துவமனைக்குப் போங்கள். அடைப்புக்குப் பின்னால் கிருமி சேர்ந்தால் சில மணி நேரத்திலேயே உயிருக்கு ஆபத்தாகிவிடும்.