சுவரில் படிந்த கைக்கறை

மும்பை மாட்டுங்காவில் ஒரு பழைய கட்டடத்தின் இரண்டாம் மாடி. 76 வயது மாமிக்கு முழங்கால் வலி என்று கூப்பிட்டிருந்தார்கள். பிசியோதெரபிஸ்டான என் கண்ணில் முழங்காலுக்கு முன்பே பட்டது சுவர்தான். படுக்கையறையிலிருந்து குளியலறை வரை இடுப்புக்குச் சற்று மேலே மங்கலாக ஓர் எண்ணெய்க்கறை ஓடியது. கதவு நிலையில் அது இன்னும் கருத்திருந்தது. “எவ்வளவு துடைத்தாலும் போவதில்லை” என்று மருமகள் கூச்சப்பட்டார். எத்தனை மாதமாகச் சுவரைப் பிடித்து நடக்கிறீர்கள் என்று மாமியிடம் கேட்டேன். “நானா? நான் எதையும் பிடிப்பதில்லையே!”

அவர் பொய் சொல்லவில்லை. கால் தடுமாறத் தொடங்கியதை மனது அறிவதற்கு முன் கை அறிந்துகொண்டு, தானாகப் பிடிமானம் தேடுகிறது. விழுந்து இடுப்பெலும்பு முறிந்த பிறகு என்னிடம் வருகிறவர்களில் பலர் தரையைத்தான் குற்றம் சொல்கிறார்கள். பாவம் அந்த டைல்ஸ்.

கோயில் வாசலில் செருப்பைக் கழற்றும் பெரியவர்களைக் கவனித்துப் பாருங்கள். ஒற்றைக் காலில் ஒரு கணம் நிற்க முடியாதவர் தூணைத் தேடுவார். கழற்றிய செருப்பும் பேசும்: முன்நுனி மட்டும் தேய்ந்திருந்தால் பாதம் சரியாகத் தூக்கப்படவில்லை. நீரிழிவுக்காரர் ஒருவர், செருப்பு கழன்றதே தெரியாமல் பத்தடி நடந்துவிட்டு வந்தார். பாதத்தில் உணர்வு அந்த அளவுக்கு மரத்திருந்தது. திரும்பும்போது பொம்மைபோலக் குட்டிக் குட்டி அடி வைப்பதும், நடக்கையில் பேச்சுக் கொடுத்தால் பதில் சொல்வதற்காக நின்றுவிடுவதும்கூட அறிகுறிகள்தாம். பேசினால் நடை நிற்கும் முதியவர்கள் விழும் வாய்ப்பு அதிகம் என்று 1997-லேயே ஸ்வீடன் நாட்டு ஆய்வாளர்கள் எழுதிவிட்டார்கள்.

மாமியைக் கைகளை மார்பில் கட்டிக்கொண்டு நாற்காலியிலிருந்து எழுந்து எழுந்து உட்காரச் சொன்னேன். 75 முதல் 79 வயதுப் பெண்கள் 30 விநாடியில் 10 முறையாவது எழ வேண்டும். மாமி ஐந்தோடு நிறுத்திக்கொண்டார். ஐந்தாவது முறை உட்காரவில்லை, தொப்பென்று விழுந்தார். தொடையில் பலமில்லை என்பதற்கு அந்தச் சத்தமே போதும். பிறகு, நாற்காலியிலிருந்து எழுந்து 3 மீட்டர் நடந்து, திரும்பி வந்து உட்காரும் சோதனை. 12 விநாடி அல்லது அதற்கு மேல் ஆனால் கவனம் தேவை. மாமிக்கு 19.

வீட்டார் எதிர்பாராதது ரத்த அழுத்தம். படுத்திருந்தபோது மேல் எண் 142. எழுந்து நின்ற ஒரு நிமிடத்தில் 116. நின்ற மூன்று நிமிடத்துக்குள் 20 குறைந்தாலே கணக்கில் எடுக்க வேண்டும். இரவில் எழும்போதெல்லாம் கண் இருட்டுவதாக மாமி அப்போதுதான் சொன்னார். “வயதாகிவிட்டால் இப்படித்தானே” என்று யாரிடமும் சொல்லாமல் இருந்திருக்கிறார்! அந்த வாக்கியத்தின்மேல் எனக்குத் தனிக் கோபம் உண்டு. இரவில் ரத்த அழுத்த மாத்திரையோடு தூக்க மாத்திரையும் போட்டுக்கொண்டிருந்தார். நீங்களாக எதையும் நிறுத்த வேண்டாம், மருத்துவரிடம் சீட்டைக் காட்டுங்கள் என்று அனுப்பினேன். அவர் இரண்டையும் மாற்றி எழுதினார்.

குளியலறைக் கைப்பிடிக்குத்தான் பெரிய போராட்டம். வாடகை வீடு, டைல்ஸில் துளை போட வீட்டுக்காரர் விடமாட்டார். மும்பையில் பாதி வீடுகளில் இதே கதை. உறிஞ்சி ஒட்டிக்கொள்ளும் பிளாஸ்டிக் பிடியை மகன் வாங்கி வந்தார். ஆளின் எடையை அதை நம்பி விடக் கூடாது. நான் ஓர் இழுப்பு இழுத்ததும் கையோடு வந்தது. கடைசியில் மகன் வீட்டுக்காரரிடமே பேசி, எஃகுக் கைப்பிடியைத் திருகாணி போட்டு முடுக்கினார்.

நான்கு மாதம் கழித்துப் போனேன். நாற்காலியிலிருந்து 9 முறை எழுந்தார். தீபாவளிக்குச் சுவருக்குப் புது வண்ணம் அடித்திருந்தார்கள். கதவு நிலையில் மட்டும் லேசாக ஒரு விரல்தடம்.

“அது பேரனுடையது” என்றார் மாமி.

பேரன் புனேயில் படிக்கிறான். தீபாவளிக்கும் வரவில்லை என்று சற்று முன்தான் குறைப்பட்டுக்கொண்டிருந்தார்.