சுகர் நார்மல், தாகம் மட்டும் அடங்கவில்லை

ராத்திரி நாலைந்து முறை எழுந்து பாத்ரூம் போகிறார், எழும்போதெல்லாம் ஒரு சொம்புத் தண்ணீர் குடிக்கிறார் என்றால், வீட்டில் முதலில் சொல்வது “சுகர் டெஸ்ட் எடு” என்பதுதான். நல்ல யோசனைதான். சுகர், கால்சியம், பொட்டாசியம் எல்லாம் நார்மலாக இருந்தும் சிறுநீர் நிறமே இல்லாமல் நாளுக்கு 3 லிட்டரைத் தாண்டினால், டாக்டரின் சந்தேகம் தலைக்குள் போகும். சென்ட்ரல் டயாபடீஸ் இன்சிபிடஸாக இருக்குமோ? பெயரில் டயாபடீஸ் இருந்தாலும் இது சர்க்கரை நோய் அல்ல; மூளையிலிருந்து வர வேண்டிய ஒரு ஹார்மோன் குறைவதால், உடல் நீரைப் பிடித்து வைக்க முடியாமல் போகும் நோய்.

சிறுநீரகங்கள் நாளுக்குச் சுமார் 180 லிட்டர் வடிகட்டுகின்றன. பெரும்பகுதி தானாகவே இரத்தத்துக்குத் திரும்பிவிடும். கடைசியில் மிஞ்சும் நீரை மீட்பதா, விடுவதா என்பது வாசோபிரெசின் ஹார்மோனின் கையில். மூளையின் ஹைப்போதலாமஸ் பகுதியில் உருவாகி, அதன் கீழுள்ள பிட்யூட்டரி சுரப்பியின் பின்பகுதியில் சேமிக்கப்படும் இது, இரத்தத்தின் உப்புச் செறிவு 1-2 சதவீதம் ஏறினாலே வெளியே வரும். வந்ததும், சிறுநீரகச் செல்களுக்குள் காத்திருக்கும் அக்வாபோரின்-2 என்ற நீர்க்கதவுகளை மேற்பரப்புக்குக் கொண்டுவரும். அவற்றின் வழியாக நீர் உடலுக்குத் திரும்பும். ஹார்மோன் இல்லையென்றால் கதவும் இல்லை. நோய் முற்றிய நிலையில் நாளுக்கு 15 லிட்டர்கூடப் போகும்.

பிட்யூட்டரி அறுவைச் சிகிச்சை, தலைக்காயம், அந்தப் பகுதியில் வரும் கட்டிகள், அழற்சி, அபூர்வமாகக் காசநோய் எனக் காரணங்கள் பல. சிலருக்குக் காரணமே தெரியாது.

கண்டுபிடிப்பதுதான் சிக்கல். மூளை ஹார்மோனை அனுப்பாவிட்டாலும், சிறுநீரகம் அதை மதிக்காவிட்டாலும் (மனநலச் சிகிச்சைக்காக நெடுநாள் லித்தியம் மாத்திரை சாப்பிடுபவர்களுக்கு இப்படி ஆகலாம்), ஒருவர் பழக்கத்தால் அதிகம் குடித்தாலும் சிறுநீர் ஒரே மாதிரிதான் நீர்த்திருக்கும். பிரித்தறியத் தண்ணீர் நிறுத்தும் பரிசோதனை. காலையில் வார்டில் தொடங்குவார்கள். ஒரு மடக்குகூடக் கிடையாது. எடை, சிறுநீரின் அளவு, அதன் செறிவு, இரத்த சோடியம் எல்லாவற்றையும் அடிக்கடி குறிப்பார்கள். எடை 3 சதவீதம் குறைந்தாலோ சோடியம் ஏறினாலோ நிறுத்திவிட வேண்டும். அதனால்தான் இதை வீட்டில் செய்து பார்க்கவே கூடாது. பக்கத்தில் ஆள் இருந்தே ஆக வேண்டும். பாத்ரூம் குழாயில் வாய் வைத்துக் குடித்துவிட்டால் டெஸ்ட் வீண், அந்தத் தாகத்துக்கு அவர்களைக் குறை சொல்லவும் முடியாது. தண்ணீரை நிறுத்தியும் சிறுநீரின் செறிவு 300-க்குக் (mOsm/kg) கீழேயே நின்றால், வாசோபிரெசினைப் போல வேலை செய்யும் டெஸ்மோபிரெசின் ஊசி. அதன்பின் செறிவு பாதிக்கு மேல் கூடினால் குறை மூளையில்; அசையவே இல்லையென்றால் சிறுநீரகத்தில்.

பாதி ஹார்மோன் சுரப்பவர்களிடம் இந்தப் பரிசோதனை குழம்பும். வாசோபிரெசினை நேரடியாக அளக்கலாமென்றால் அது சீக்கிரம் சிதைந்துவிடும். ஆகவே அதனுடனேயே உருவாகும், நிலைத்து நிற்கும் கோபெப்டினை அளக்கிறார்கள். 3 சதவீத உப்புக் கரைசலை ஏற்றி, இரத்த சோடியத்தை 150 (mmol/L) வரை உயர்த்தி, கோபெப்டின் ஏறுகிறதா என்று பார்ப்பார்கள். 2018-இல் வெளிவந்த ஆய்வில் இது 96.5 சதவீதம் சரியாகச் சொன்னது. பழைய முறை 76.6 சதவீதம். அப்புறம் எம்.ஆர்.ஐ.; காரணத்தைத் தேடுவதற்கு.

சிகிச்சை எளிது, கவனம்தான் அதிகம் வேண்டும். இரத்த அழுத்தத்தை ஏற்றும் குணம் நீக்கப்பட்ட வாசோபிரெசின்தான் டெஸ்மோபிரெசின். 1960-களில் பிராகில் உருவாக்கப்பட்டது. மாத்திரையாகவோ மூக்கு ஸ்பிரேயாகவோ எடுத்தால் 8 முதல் 12 மணி நேரம் நிற்கும். மாத்திரை அளவும் ஸ்பிரே அளவும் வெவ்வேறு. டாக்டரைக் கேட்காமல் மாற்றக் கூடாது. சளி பிடித்தால் ஸ்பிரே சரியாக உள்ளே இறங்காது. மருந்து வேலை செய்யும்போது பழைய பழக்கத்தில் குடங்குடமாகக் குடித்தால் சோடியம் விழும்; தலைவலி, குமட்டல், வலிப்புவரை போகும். தாகத்துக்கு மட்டும் குடிக்க வேண்டும். வாரத்துக்கு ஒருமுறை ஒரு வேளை மருந்தைத் தள்ளிப்போட்டு, தேங்கிய நீரை வெளியேற விடச் சில டாக்டர்கள் சொல்வதும் இதனால்தான்.

மருத்துவமனையில் சேர்க்கும்போது ஆபத்து வேறு. பெயரைப் பார்த்துச் சர்க்கரை நோய் என்று நினைத்து, சுகரை மட்டும் கவனித்து இந்த மருந்தை விட்டுவிடுகிறார்கள். உயிரே போகலாம் என்று பிரிட்டனில் 2016-இல் எச்சரிக்கை வெளியிட்டார்கள். 2022-இல் நிபுணர்கள் பெயரையே ‘வாசோபிரெசின் குறைபாடு’ என்று மாற்றினார்கள். பழைய பெயர் இன்னும் சீட்டுகளில் இருப்பதால், நோயாளியின் பர்ஸில் “டெஸ்மோபிரெசினை நிறுத்தக் கூடாது” என்று எழுதிய அட்டை ஒன்று இருக்கட்டும்.