செகண்ட் ஹேண்ட் மின்சார கார் வாங்கும் முன் யூனிட் கணக்கைப் போடுங்கள்

பழைய மின்சார கார் பார்க்க வருபவர்கள் முதலில் கேட்பது, "ஒரு சார்ஜுக்கு எத்தனை கிலோமீட்டர் ஓடும்?" அதற்கும் முன்னால் ஒரு கேள்வி இருக்கிறது: வண்டி ராத்திரியில் எங்கே நிற்கும், அங்கே பிளக் உண்டா?

சிறிய மின்சார கார் 100 கிலோமீட்டருக்குச் சுமார் 15 யூனிட் இழுக்கும். சார்ஜ் ஏறும்போது 10 முதல் 15 சதவீதம் வெப்பமாக வீணாவதால், மீட்டரில் 17 யூனிட் ஓடும். அதே அளவு பெட்ரோல் காருக்கு அந்தத் தூரத்துக்கு 6 லிட்டர் வேண்டும். ஆக, ஒரு யூனிட்டின் விலை ஒரு லிட்டர் பெட்ரோல் விலையில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டாதவரை மின்சாரம்தான் லாபம். வீட்டு மின்சாரத்தில் இது பெரும்பாலும் எளிதாகத் தேறிவிடும். வெளியே ஃபாஸ்ட் சார்ஜரையே நம்பியிருந்தால் லாபம் கரைந்துவிடலாம். அங்கே யூனிட் விலையே வேறு.

குளிரான ஊர்களில் இன்னொரு செலவும் உண்டு. பெட்ரோல் காரில் எஞ்சின் சூடு இலவசம். பழைய மின்சார கார்களின் ஹீட்டர் தொடக்கத்தில் 3 முதல் 5 கிலோவாட் வரை பேட்டரியிலிருந்தே எடுக்கும்.

சர்வீஸில் எஞ்சின் ஆயில், ஸ்பார்க் பிளக், டைமிங் பெல்ட், கிளட்ச், சைலன்சர் எதுவும் கிடையாது. அதற்காகச் செலவே இல்லை என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். பிரேக் ஆயில் ஈரத்தை உறிஞ்சும் என்பதால் இதிலும் காலாகாலத்தில் மாற்றத்தான் வேண்டும். வண்டி கனம் என்பதால் டயர் சீக்கிரம் தேயும். வேகம் குறைக்கும் வேலையை மோட்டாரே பார்த்துக்கொள்வதால் பிரேக் பேட் நெடுநாள் வரும். ஆனால் வேலையில்லாத டிஸ்க் துருப்பிடிக்கும், பேடை டிஸ்கில் அழுத்தும் காலிப்பர் இறுகிக்கொள்ளும். வாரம் ஒருமுறை காலியான சாலையில் கியரை நியூட்ரலில் வைத்து அழுத்திப் பிரேக் போட்டால் போதும். சின்ன 12 வோல்ட் பேட்டரி செத்தால், பெரிய பேட்டரி நிறைந்திருந்தாலும் வண்டி உயிர் பெறாது. காரணம், பெரிய பேட்டரியை இணைக்கும் ரிலே என்ற சுவிட்சுகளைப் போடுவதே அந்தச் சின்னதுதான்.

வருடத்துக்கு 5,000 கிலோமீட்டர் ஓட்டுபவர் மிச்சம் பிடிப்பது 300 லிட்டர் பெட்ரோல். பதிலுக்கு 850 யூனிட் கட்ட வேண்டும். தனி சார்ஜர் மாட்டும் செலவு திரும்பி வரவே வருடக்கணக்காகும். தினமும் 50 கிலோமீட்டர், வருடத்தில் 300 நாள் ஓடுபவருக்கு மிச்சம் 900 லிட்டர். மலிவான பழைய வண்டி இவருக்குத்தான் பொருந்தும், ஏனென்றால் அதன் குறைந்த ரேஞ்சே, அதாவது ஒரு சார்ஜில் ஓடும் தூரமே, இவருக்குப் போதும்.

அந்த ரேஞ்சையும் சோதித்துத்தான் வாங்க வேண்டும். உதாரணத்துக்கு, நிசான் லீஃப் என்ற மின்சார காரின் பழைய மாடல்களில் பேட்டரி காற்றில்தான் ஆறுகிறது. வெயில் ஊரில் ஓடிய வண்டி சீக்கிரம் தளரும். டேஷ்போர்டில் பேட்டரி ஆரோக்கியத்துக்கு 12 கோடுகள். முதல் கோடு போனால் சுமார் 15 சதவீதக் கொள்ளளவு போயிற்று. அதன்பின் ஒவ்வொரு கோடும் ஆறு சதவீதத்துக்குச் சற்று மேல். 8 கோடு என்றால் மிச்சம் மூன்றில் இரண்டு பங்குதான். பேட்டரியைக் கண்காணிக்கும் கணினியை ரீசெட் செய்து 12 கோடும் தெரியும்படி விற்பவர்களும் உண்டு. சில வாரங்களில் கோடுகள் தாமாகவே இறங்கும். வண்டியின் கணினித் தகவலைப் படிக்கும் ஓபிடி ரீடரை மாட்டி, பேட்டரிக்குள் இருக்கும் ஒவ்வொரு செல்லின் வோல்டேஜையும் பாருங்கள். சார்ஜ் குறைவாக இருக்கும்போது ஒரே ஒரு செல் மட்டும் மற்றவற்றைவிடச் சட்டென்று கீழே விழுந்தால், விலை எவ்வளவு இறங்கினாலும் அந்த வண்டி வேண்டாம்.