சர்வதேசச் சட்டத்தில் எல்.எல்.எம். முடித்தால் ஹேக்கில் வாதாடலாம் என்று உங்களிடம் யார் சொன்னது?

"ஹேக்கில் இருக்கிற சர்வதேச நீதிமன்றத்தில் வக்கீலாகப் பதிவு செய்ய எங்கே விண்ணப்பிக்கணும் மேடம்?"

சர்வதேசச் சட்டத்தில் எல்.எல்.எம். (முதுநிலைச் சட்டப் படிப்பு) படித்து முடித்துப் பட்டமும் வாங்கிவிட்ட ஒருவர் அண்மையில் என்னிடம் இப்படிக் கேட்டார். ஓராண்டுப் படிப்பு, அதற்குப் பெரிய கல்விக் கடன், வேலையையும் விட்டுவிட்டுப் போயிருக்கிறார். இந்தப் பாடத்தை முதுநிலை மாணவர்களுக்கு நடத்துகிறவள், சேர்க்கைக்கு வரும் விண்ணப்பக் கட்டுரைகளைப் படிக்கிறவள் என்ற முறையில் இதே கேள்வியை வேறுவேறு வடிவத்தில் கேட்டுக் கேட்டு எனக்குப் பொறுமை போய்விட்டது. கோபம் அந்த மாணவர் மீது இல்லை. இதை முடித்தால் உலக நீதிமன்றத்திலேயே வாதாடலாம் என்று வாய்க்கு வந்ததைச் சொல்லி அவரைச் சேர்த்துவிட்ட கல்வி முகவர் மீதுதான்.

அதனால் இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்லிவிடுகிறேன். நெதர்லாந்தின் ஹேக் நகரில் இருக்கும் இந்தச் சர்வதேச நீதிமன்றத்துக்கென்று ஒரு பார் கவுன்சில் கிடையாது. வக்கீல்களுக்கான பதிவேடு கிடையாது, நுழைவுத் தேர்வு கிடையாது, உரிமம் கிடையாது. விண்ணப்பிக்கப் படிவமே இல்லாத இடத்துக்கு எந்தப் பட்டத்தை வைத்துக்கொண்டு விண்ணப்பிப்பது? அந்த நீதிமன்றத்தின் சாசனத்தில் 34ஆம் பிரிவை எடுத்துப் பாருங்கள். வழக்கில் தரப்பினராக நாடுகள் மட்டுமே வர முடியும் என்கிறது. தனி மனிதர், கம்பெனி, தொண்டு நிறுவனம் யாரும் அங்கே போய் வழக்குப் போட முடியாது. உங்கள் சொத்துத் தகராறு போகாது, வேலைநீக்கம் போகாது, உங்கள் அரசாங்கமே உங்களுக்குச் செய்த அநியாயம் என்றாலும் நீங்களாகக் கொண்டுபோக முடியாது. ஒரு நாடு இன்னொரு நாட்டின் மீது வழக்குப் போட்டால்கூட, இரண்டு நாடுகளும் ஏதாவது ஒரு வழியில் நீதிமன்றத்தின் அதிகாரத்தை ஏற்றுக்கொண்டிருக்க வேண்டும். ஏற்கவில்லை என்றால் வழக்கு வாசலிலேயே நின்றுவிடும். பல வழக்குகளில் பெரிய சண்டையே இந்த அதிகாரம் உண்டா இல்லையா என்பதில்தான் நடக்கிறது.

சரி, நாடுகளுக்காக வாதாடுகிறவர்கள் யார்? 42ஆம் பிரிவுப்படி நாடு தன் சார்பில் 'ஏஜென்ட்' என்ற ஒரு பிரதிநிதியை நியமிக்கும், அவருக்குத் துணையாக வக்கீல்களை வைத்துக்கொள்ளும். யாரை வைத்துக்கொள்வது என்பது அந்த நாட்டின் விருப்பம். நடைமுறையில், பல பத்தாண்டுகள் இந்தத் துறையில் எழுதி, கற்பித்து, வாதாடிப் பெயர் எடுத்த ஒரு சிறு வட்டத்தைத்தான் நாடுகள் திரும்பத் திரும்பக் கூப்பிடுகின்றன. அந்த வட்டத்துக்குள் யாரும் போகவே முடியாது என்று நான் சொல்லவில்லை. ஓராண்டுப் பட்டத்தைக் காட்டி நேராக உள்ளே போக முடியாது என்றுதான் சொல்கிறேன்.

அதே ஊரில் சர்வதேசக் குற்றவியல் நீதிமன்றம் என்று இன்னொன்று இருக்கிறது. இரண்டையும் ஒன்றாக நினைத்து எழுதிய விண்ணப்பக் கட்டுரைகள் ஒவ்வொரு ஆண்டும் என் மேசைக்கு வருகின்றன. முதலாவது, ஐ.நா. சாசனத்தோடு 1945இல் உருவான, ஐ.நா.வின் உறுப்பான நீதிமன்றம். இரண்டாவது, 1998இல் ஏற்கப்பட்ட ரோம் சாசனத்தின் கீழ் 2002 ஜூலை 1 முதல் இயங்குவது, ஐ.நா.வின் உறுப்பு அல்ல. இனப்படுகொலை, மானுடத்துக்கு எதிரான குற்றங்கள், போர்க்குற்றங்கள், ஆக்கிரமிப்புக் குற்றம் ஆகியவற்றுக்காகத் தனி மனிதர்களை விசாரிப்பது இதுதான். இங்கே வக்கீல்களுக்குப் பட்டியல் உண்டு. ஆனால் அதில் சேரக் குற்றவியல் வழக்குகளில் குறைந்தது 10 ஆண்டு அனுபவம் வேண்டும். அந்த அனுபவம் உங்கள் நாட்டு நீதிமன்றங்களில்தான் கிடைக்கும், வகுப்பறையில் கிடைக்காது.

வக்கீல் தொழிலுக்கான உரிமத்தை ஒவ்வொரு நாடும், சில இடங்களில் ஒவ்வொரு மாநிலமும், தனித்தனியாகத் தருகிறது. உலகம் முழுக்கச் செல்லும் உரிமம் எதையும் இந்தப் பட்டம் தராது. நியூயார்க்கில் வெளிநாட்டுச் சட்டப் பட்டதாரிகள் எல்.எல்.எம். படித்து பார் தேர்வு (வக்கீல் உரிமத்துக்கான தேர்வு) எழுத வழி இருக்கிறதே என்று கேட்பார்கள். இருக்கிறது, எல்லாருக்கும் இல்லை, நிபந்தனைகளோடு. அங்கே 24 கிரெடிட் (பாட அளவைக் கணக்கிடும் அலகு) படிக்க வேண்டும், அதற்குள் தொழில் நெறி, சட்ட ஆராய்ச்சியும் எழுத்தும், அமெரிக்கச் சட்ட அறிமுகம், பார் தேர்வில் வரும் பாடங்கள் என்று ஒவ்வொன்றுக்கும் கட்டாயக் கிரெடிட்டுகள் உண்டு. மனித உரிமை, கடல் சட்டம், போர்ச் சட்டம் என்று பிடித்ததையெல்லாம் ஆசையாக எடுத்துவிட்டு, கடைசியில் தேர்வு எழுதத் தகுதி இல்லை என்று தெரிந்துகொள்கிறவர்கள் உண்டு. பார் தேர்வு உங்கள் நோக்கமாக இருந்தால் முதல் வாரமே விதியை எடுத்துவைத்துப் பாடங்களைத் தேர்ந்தெடுங்கள்.

அடுத்தது ஐ.நா. வேலை. இந்தப் பட்டம் இருந்தால் ஐ.நா.வில் வேலை உறுதி என்று யாராவது சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள். ஐ.நா. செயலகம் இளம் பட்டதாரிகளுக்கு நடத்தும் ஒய்.பி.பி. தேர்வுக்கு இளநிலைப் பட்டமே போதும். ஆனால் தேர்வு நடக்கும் ஆண்டில் வயது 32ஐத் தாண்டியிருக்கக் கூடாது, உங்கள் நாடு அந்த ஆண்டின் பட்டியலில் இருக்க வேண்டும், அந்த ஆண்டு உங்கள் துறைக்குத் தேர்வு வைத்திருக்க வேண்டும். முகவர்களின் பிரசுரங்களில் இதெல்லாம் ஏன் இருப்பதில்லை என்று யோசியுங்கள். ஐ.நா. செயலகத்தில் இன்டர்ன்ஷிப் கிடைத்தால் சம்பளம் கிடையாது. பயணம், தங்குமிடம், சாப்பாடு எல்லாம் உங்கள் பணம். படிப்புக்கு மட்டும் கடன் வாங்கிவிட்டு இதைக் கணக்கில் சேர்க்காமல் விட்டவர்கள், கிடைத்த நல்ல வாய்ப்பை வேண்டாம் என்று எழுதிக் கொடுத்ததைப் பார்த்திருக்கிறேன். பார்க்கவே கஷ்டமாக இருந்தது.

அப்புறம், என்ன படிக்கப் போகிறீர்கள் என்பதையாவது தெரிந்துகொண்டு வாருங்கள். வெளிநாட்டில் நடந்த திருமணத்தை இங்கே ரத்து செய்யலாமா, இரு நாட்டுக் கம்பெனிகளுக்கு இடையிலான ஒப்பந்தத்துக்கு எந்த நாட்டுச் சட்டம் பொருந்தும் என்பதெல்லாம் தனியார் சர்வதேசச் சட்டம். நாடுகளுக்கு இடையிலான உடன்படிக்கை, எல்லை, கடல், போர், தூதர் பாதுகாப்பு, மனித உரிமை இவை பொதுச் சர்வதேசச் சட்டம். முதலீட்டுத் தகராறுகளும் வணிக நடுவர் தீர்ப்பும் (நீதிமன்றத்துக்குப் போகாமல் நடுவரை வைத்துத் தீர்ப்பது) தனிக் கிளைகளாகவே வளர்ந்துவிட்டன, வேலைவாய்ப்பு ஓரளவு அதிகம் இருப்பதும் அங்கேதான். எல்லாப் பல்கலைக்கழகங்களும் 'சர்வதேசச் சட்டம்' என்ற பெயரில் ஒரே சரக்கைத் தருவதில்லை. பெயரைப் பார்க்காதீர்கள், பாடப்பட்டியலைப் பாருங்கள். நீங்கள் விரும்பும் பாடம் இந்த ஆண்டு உண்மையிலேயே நடக்கிறதா, யார் நடத்துகிறார் என்று மின்னஞ்சல் போட்டுக் கேளுங்கள். பட்டியலில் இருந்தும் நடக்காத பாடங்கள் நிறைய.

இத்தனை சொல்வதால் இந்தப் படிப்பே வேண்டாம் என்று சொல்வதாக எடுத்துக்கொள்ளாதீர்கள். என் வாழ்க்கையையே இதில்தான் போட்டிருக்கிறேன், இன்னொரு முறை கேட்டாலும் இதைத்தான் எடுப்பேன். ஆனால் இது என்ன மாதிரியான படிப்பு என்று தெரிந்திருக்க வேண்டும். இது வாசிக்கிற படிப்பு. சுருக்கத்தை அல்ல, மூலத்தை.

ஒரு உதாரணம் சொல்கிறேன். 1996இல் அணு ஆயுதங்கள் பற்றிச் சர்வதேச நீதிமன்றம் தந்த ஆலோசனைக் கருத்து. வகுப்பில் பாதிப் பேர் 'அணு ஆயுதம் சட்டவிரோதம் என்று நீதிமன்றம் தீர்ப்பளித்தது' என்று எழுதுகிறார்கள். இது தீர்ப்பே அல்ல, ஐ.நா. பொதுச் சபை கேட்ட கேள்விக்குச் சொன்ன கருத்து. நீதிமன்றம் சொன்னதும் அது அல்ல. அணு ஆயுதத்தைப் பயன்படுத்துவது பொதுவாகச் சட்டத்துக்கு முரண்பட்டது என்றது, ஆனால் ஒரு நாட்டின் இருப்பே ஆபத்தில் இருக்கும் மிகக் கடுமையான தற்காப்பு நிலைமையில் அது சட்டப்படி சரியா தவறா என்று உறுதியாக முடிவு செய்ய முடியவில்லை என்றது. அந்தப் பத்தியில் வாக்குகள் 7க்கு 7 என்று சமமாகி, தலைவரின் தீர்மான வாக்கால்தான் அது நிறைவேறியது. இன்னும் கேளுங்கள், எதிர்த்து வாக்களித்த ஏழு பேரில் மூவர் எதிர்த்ததற்குக் காரணம், எந்த நிலைமையிலும் சட்டவிரோதம் என்று நீதிமன்றம் திட்டவட்டமாகச் சொல்லவில்லையே என்பதுதான். மற்றவர்கள் எதிர்த்தது வேறு காரணங்களுக்கு. பங்கேற்ற 14 நீதிபதிகளும் ஆளுக்கொரு தனிக் குறிப்போ கருத்தோ எழுதியிருக்கிறார்கள். அவற்றைப் படிக்காமல், 7க்கு 7 என்ற எண்ணை மட்டும் பார்த்து 'பாதி நீதிபதிகள் அணு ஆயுதத்தை ஆதரித்தார்கள்' என்று எழுதினால் மதிப்பெண் எப்படிப் போடுவது? மத்திய அமெரிக்க நாடான நிகரகுவா அமெரிக்காவின் மீது போட்ட வழக்கின் 1986 தீர்ப்பு, தனிக் கருத்துகளோடு சேர்த்து அச்சில் 500 பக்கங்களைத் தாண்டும். எல்லாப் பக்கமும் படிக்கச் சொல்லவில்லை. எந்தப் பக்கத்தைப் படிக்க வேண்டும் என்று கண்டுபிடிக்கக் கற்பதுதான் இந்தப் படிப்பில் நீங்கள் வாங்குவது.

இதே வகைத் தவறுகள் இன்னும் சில. ஒரு நாடு உடன்படிக்கையில் கையெழுத்துப் போட்டாலே கட்டுப்பட்டுவிட்டது என்று எழுதாதீர்கள். பெரும்பாலான பலதரப்பு உடன்படிக்கைகளில் அதற்குப் பிறகு ஏற்புறுதி, அதாவது கட்டுப்படுகிறோம் என்று நாடு முறைப்படி தரும் ஒப்புதல், வேண்டும். ஏற்புறுதி தந்திருந்தாலும் என்னென்ன விலக்குகளோடு தந்தது என்று ஐ.நா.வின் உடன்படிக்கைத் தொகுப்பில் இலவசமாகப் பார்க்கலாம், ஐந்து நிமிட வேலை. பொதுச் சபையின் தீர்மானம் எல்லாம் சட்டம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். 1948இன் உலகளாவிய மனித உரிமைப் பிரகடனம் உடன்படிக்கை அல்ல, அதில் யாரும் கையெழுத்திடவில்லை. போலீஸ் இல்லாததால் சர்வதேசச் சட்டம் சட்டமே இல்லை என்று ஆய்வேட்டின் முதல் பக்கத்தில் முடிவு கட்டிவிடாதீர்கள். அப்படி நினைப்பவர் எதற்காக இரண்டாவது பக்கம் எழுதுகிறார் என்று எனக்கு விளங்கவில்லை.

ஆய்வேட்டைப் பற்றியும் ஒரு வார்த்தை. 'மனித உரிமைப் பாதுகாப்பில் ஐ.நா.வின் பங்கு' என்ற தலைப்பைத் தயவுசெய்து இனி யாரும் எடுக்காதீர்கள். ஓராண்டில் எழுதக்கூடிய அளவுக்கு ஒரு கேள்வியைக் குறுக்குங்கள். ஒரு உடன்படிக்கை, ஒரு பிரிவு, அதைப் பற்றி ஒன்றுக்கொன்று முரண்படும் இரண்டு தீர்ப்புகள் போதும். செயற்கை நுண்ணறிவுச் செயலியிடம் கேட்டு வழக்குப் பெயர்களை அள்ளிப் போடுகிறவர்களுக்கு: அந்த வழக்குகளில் சில உலகத்திலேயே இல்லை. நாங்கள் தேடிப் பார்க்கிறோம். சர்வதேச நீதிமன்றத்தின் எல்லாத் தீர்ப்புகளும் அதன் இணையதளத்தில் கிடைக்கும்போது இல்லாத வழக்கை மேற்கோள் காட்டி ஓராண்டு உழைப்பைக் கெடுத்துக்கொள்வதைப் பார்க்க வயிறெரிகிறது.

விண்ணப்பிக்க நினைக்கிறவர்கள், முடிந்தால் முதலில் உங்கள் நாட்டில் வக்கீலாகப் பதிவு செய்துகொண்டு சில ஆண்டுகள் வேலை பார்த்துவிட்டு வாருங்கள். அகதிகள், கப்பல் போக்குவரத்து, ஏற்றுமதி, சுற்றுச்சூழல், நாடுகடத்தல் என்று உள்நாட்டு வழக்குகளுக்குள்தான் சர்வதேசச் சட்டம் தினமும் நடமாடுகிறது. வெளியுறவு அமைச்சகங்கள், நடுவர் தீர்ப்பு பார்க்கும் சட்ட நிறுவனங்கள், அகதிகளுக்கு உதவும் அமைப்புகள், ஆராய்ச்சி, ஆசிரியப் பணி என்று வேலைகள் இருக்கின்றன, அவற்றில் பல முன் அனுபவத்தைக் கேட்கும். பிரெஞ்சு கற்கத் தொடங்குங்கள். ஹேக்கில் நான் சொன்ன இரண்டு நீதிமன்றங்களிலும் ஆங்கிலத்தோடு அதுவும் வேலை மொழி. மாணவராக இருக்கும்போதே மூட் கோர்ட் (மாதிரி நீதிமன்றம்) போட்டிக்குப் போங்கள், எழுத்து வாதம் தயாரிக்க அதைவிட நல்ல பயிற்சி இல்லை. விண்ணப்பக் கட்டுரையில் சிறு வயதிலிருந்தே உலக அமைதியில் ஆர்வம் என்று தொடங்காமல், எந்தச் சட்டக் கேள்வி உங்களைத் தூங்கவிடாமல் செய்கிறது என்று எழுதுங்கள்.

பணம் கட்டுவதற்கு முன் ஒரு சோதனை செய்து பார்க்கலாம். ஐ.நா.வின் சர்வதேசச் சட்ட ஒலி-ஒளி நூலகத்தில் உலகின் முன்னணி அறிஞர்களின் விரிவுரைகள் இலவசமாக இருக்கின்றன. உடன்படிக்கைச் சட்டம் பற்றி ஒன்றைக் கேளுங்கள். பிறகு வட கடல் கண்டத்திட்டு (கரையை ஒட்டிய கடலடி நிலப்பரப்பு) வழக்கின் 1969 தீர்ப்பில் 70 முதல் 81 வரையான பத்திகளைப் படியுங்கள். நாடுகளின் பழக்கம் எப்போது சட்டமாகிறது என்பதை அங்கே நீதிமன்றம் படிப்படியாக வாதாடிக் காட்டுகிறது. முதல் வாசிப்பில் புரியாமல் போனால் பரவாயில்லை, யாருக்கும் புரியாது. இரண்டாம் முறை திரும்பிப் போக மனம் வருகிறதா என்று மட்டும் கவனியுங்கள். வரவில்லை என்றால் அந்தப் பணத்தையும் ஓராண்டையும் வேறு நல்ல விஷயத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

கடன் பத்திரத்தில் கையெழுத்துப் போடும் முன், நீங்கள் சேரப்போகும் அதே படிப்பை முடித்த இரண்டு மூன்று பேரிடம் பேசிவிடுங்கள். முகவர் கொடுக்கும் எண்களில் இருப்பவர்களிடம் வேண்டாம், நீங்களாகத் தேடிப் பிடித்தவர்களிடம் பேசுங்கள். முடித்து ஓராண்டு கழித்து என்ன வேலையில் இருந்தார்கள், அந்த வேலை இந்தப் பட்டத்தால் கிடைத்ததா, அதற்கு முன்பே கையில் இருந்த தகுதியால் கிடைத்ததா என்று கூச்சப்படாமல் கேளுங்கள்.