ஒரு தொழிலாளியை எந்தக் கட்டத்தில் எழுதுவது?

மன்னார்குடிப் பக்கத்துக் கிராமம் ஒன்றில் வசிக்கும் ஓர் இளைஞரை எண்ணிக்கொள்வோம். குறுவை நடவு தொடங்கியதும் அவர் வயல் வேலைக்குப் போகிறார். அறுவடைக் காலத்தில் நேரடி நெல் கொள்முதல் நிலையத்தில் மூட்டைக்கு இவ்வளவு என்ற கூலிக்குச் சுமை தூக்குகிறார். வயல் ஓய்ந்த மாதங்களில் தஞ்சாவூருக்குப் போய், செல்பேசிச் செயலி வழியாக வரும் உணவுப் பொட்டலங்களை இருசக்கர வண்டியில் வீடுகளுக்குக் கொண்டுபோய்க் கொடுக்கிறார். வயலும் மூட்டையுமாக ஆண்டுக்கு 130 நாள், உணவு விநியோகம் 120 நாள், மீதி 115 நாள் வேலை தேடுவதில் கழிகிறது. நாட்டின் தொழிலாளர் கணக்கில் இவர் யார்?

இந்தியாவில் இக்கேள்விக்கு விடை தருவது, 2017 ஏப்ரலில் தொடங்கப்பட்ட காலமுறைத் தொழிலாளர் கணக்கெடுப்பு. அதற்கு முன்பு ஏறத்தாழ ஐந்தாண்டுக்கு ஒருமுறை நடந்துவந்த பெரிய மாதிரிக் கணக்கெடுப்பு 2011-12உடன் நின்றது. வேலை செய்வோரை இது மூன்று பெரும் பிரிவுகளில் வைக்கிறது: சுயதொழில் செய்வோர், முறையான சம்பளம் பெறுவோர், தினக்கூலிகள். வயல் வேலையும் சுமை தூக்குவதும் தினக்கூலியில் அடங்கும். உணவு விநியோகம் செய்பவருக்கு முதலாளி என்று எவரும் ஏட்டில் இல்லாததால், பெரும்பாலும் அவர் சுயதொழில் கட்டத்துக்குள் போய்விடுகிறார்.

அடுத்து, எந்தக் கால அளவைக் கொண்டு பார்க்கிறோம் என்பது வருகிறது. கடந்த 365 நாளைப் பார்க்கும் 'வழக்கமான நிலை' முறையில், அதிக நாள் செய்த வேலை முதன்மை வேலையாகவும், குறைந்தது 30 நாள் செய்த பிற வேலை துணை வேலையாகவும் பதிவாகும். ஆகவே நம் இளைஞர் முதன்மையில் தினக்கூலி, துணையில் சுயதொழிலாளி. மறு ஆண்டு அறுவடை நேரத்தில் மழை கொட்டிப் பதினைந்து நாள் வயல் வேலை கெட்டு, அந்த நாள்களில் அவர் வண்டி ஓட்டினாரென்றால், 115க்கு 135 என்று கணக்கு புரண்டு அவர் முதன்மையில் சுயதொழிலாளி ஆகிவிடுவார். பயிர் அழிந்ததன் விளைவு, புள்ளிவிவரத்தில் சுயதொழிலின் வளர்ச்சியாகத் தெரியும்.

'நடப்பு வார நிலை' என்னும் மற்றொரு முறை கடந்த ஏழு நாளை மட்டும் பார்க்கிறது. அந்த ஏழு நாளில் ஏதேனும் ஒரு நாள் ஒரு மணி நேரம் வேலை செய்திருந்தாலே அவர் வேலையில் உள்ளவர். நடவும் அறுப்பும் பருவத்தோடு வந்து போகும் டெல்டாவில், ஓராண்டுச் சித்திரத்தில் மறைந்துபோகும் ஏற்ற இறக்கம் இதில் வெளிப்படும் என்பதால், 2025 ஜனவரி முதல் இக்கணக்கெடுப்பு மாதந்தோறும் மதிப்பீடு தருமாறு மாற்றப்பட்டதை நான் முக்கியமான முன்னேற்றமாகவே கருதுகிறேன்.

ஆனால் கால அளவைச் சுருக்குவதால் கட்டங்களின் குறை தீராது. ஏக்கர் கணக்கில் காண்ட்ராக்ட் பேசி நடும் பெண்கள் குழுவும், சுற்றுக்கு இவ்வளவு என்று பணம் பெறும் விநியோகத் தொழிலாளியும் வேலை முடித்த அளவுக்கே ஊதியம் பெறுகிறார்கள். குழுவாவது வரப்பில் நின்று விலை பேசுகிறது. செயலியில் வரும் விலையைத் தொழிலாளி ஏற்கலாம் அல்லது விடலாம், பேச முடியாது. இருந்தும் அவர்தான் 'சுயதொழிலாளி'. எழுத்து வடிவ ஒப்பந்தம் உண்டா, சம்பளத்துடன் விடுப்பு உண்டா என்ற கேள்விகள் ஊதியத்துக்கு வேலை செய்வோரிடம் கேட்கப்படுகின்றன. சுயதொழில் கட்டத்தில் விழுந்தவரிடம் கேட்கப்படுவதில்லை.

இந்த இடைவெளியை நிரப்பவே 2018இல் ஜெனீவாவில் கூடிய தொழிலாளர் புள்ளிவிவர வல்லுநர்களின் 20ஆவது பன்னாட்டு மாநாடு, 'சார்ந்திருக்கும் ஒப்பந்ததாரர்' என்ற புதிய வகையை ஏற்றது. வேலை ஒப்பந்தம் இல்லாமல் வணிக ஏற்பாட்டின்கீழ் உழைத்தாலும், வேலையை ஒழுங்குபடுத்துவதற்கோ வருமானத்துக்கோ சந்தையை அடைவதற்கோ மற்றொரு நிறுவனத்தையே நம்பியிருப்பவர் இவ்வகையினர். நம் ஊருக்கு இவ்வகைச் சிக்கல் புதிதன்று. தஞ்சாவூர் குத்தகைதாரர், பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் 1952இல் வந்தபோதும், உரிமை வழங்குவதற்கு முன் பண்ணையாள் யார் என்று வரையறுக்க வேண்டியிருந்தது.

நேரடியாகக் கேட்டுவிட்டால் போதாதா என்று தோன்றலாம். அமெரிக்காவில் 2017இல் கேட்டுப் பார்த்தார்கள். செயலி வழியாகவோ இணையதளம் வழியாகவோ வேலை பெற்றீர்களா என்ற கேள்வியைத் தவறாகப் புரிந்துகொண்டு, அலுவலகத்தில் கணினி பயன்படுத்துவோர் பலரும் ஆம் என்றனர். பதில்களை ஒவ்வொன்றாகச் சரிபார்த்துத் தள்ளிய பிறகு எஞ்சியது, வேலையில் உள்ளோரில் 1 விழுக்காடு. நம் நாட்டில் நிதி ஆயோக் 2022இல் வெளியிட்ட, 2020-21இல் 77 லட்சம் கிக் தொழிலாளர் (நிலையான வேலையின்றி, செயலி வழியாகவும் பிற வழிகளிலும் வரும் துண்டு வேலைகளைச் செய்வோர்) என்ற எண்ணும் தலைகளை எண்ணிப் பெற்றதன்று. கணக்கெடுப்பில் உள்ள தொழில், கல்வி முதலிய விவரங்களைக் கொண்டு கணித்த மதிப்பீடு. நிறுவனங்களின் பதிவேட்டை மட்டும் நம்பினால், இரண்டு செயலிகளில் ஓட்டும் ஒருவர் இருவராகிவிடுவார்.

எனவே பெரும்பகுதி வேலை கணக்கெடுப்பாளரின் கேள்வியில்தான் இருக்கிறது. வீட்டில் இருக்கும் ஒருவரே குடும்பத்தார் எல்லோருக்கும் பதில் சொல்வது வழக்கம். திண்ணையில் அமர்ந்திருக்கும் தந்தை, "பையன் தஞ்சாவூர்ல வண்டி ஓட்டுறான்" என்கிறார். அந்த வண்டி சொந்த ஆட்டோவாகவோ, மாதச் சம்பளத்துக்கு ஓட்டும் பிறருடைய லாரியாகவோ, முதுகில் உணவுப் பையைச் சுமந்துகொண்டு ஓட்டும் இருசக்கர வண்டியாகவோ இருக்கலாம். வண்டி யாருடையது, சவாரி யார் மூலம் வருகிறது, விலையை வைப்பவர் யார் என்று கணக்கெடுப்பாளர் இன்னும் மூன்று கேள்வி கேட்டாக வேண்டும்.